கவுன்சலிங் இனி போன் வழியாக: நீலகிரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

வேலைக்குச் சேரும் நாளில் கையில் தரும் காகிதக் கட்டில் பி.எப். படிவம், இன்சூரன்ஸ் படிவம், ஐ.டி. கார்டு விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தாள் இருக்கலாம். ‘ஊழியர் நல ஆலோசனைச் சேவை’ என்றோ ‘ஈ.ஏ.பி.’ (எம்ப்ளாயீ அசிஸ்டன்ஸ் புரோகிராம்) என்றோ தலைப்புப் போட்டிருக்கும். மனசு சரியில்லாதபோது ஓர் ஆலோசகரிடம் பேசக் கம்பெனி செய்து வைத்திருக்கும் ஏற்பாடு அது. ஒரு டோல்ஃப்ரீ எண், ஒரு கியூ.ஆர். கோடு, ‘முழு ரகசியம் காக்கப்படும்’ என்று ஒரு வரி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு எல்லோரும் மறந்துவிடுகிற தாள் அதுதான். தேவைப்படும் நாளில் தேடினால் கிடைக்காது, எச்.ஆரிடம் போய்க் கேட்கவும் கூச்சமாக இருக்கும். அதனால் முதல் வேலையாக அந்த எண்ணை இன்றே போனில் சேமித்துக்கொள்ளுங்கள். பெயர் ‘கவுன்சலிங்’ என்று போட வேண்டியதில்லை. ‘கேஸ் புக்கிங்’ என்று போட்டுக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தாலும் கவலையில்லை.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் தொழிற்சாலையிலோ, எஸ்டேட்டிலோ, ஹோட்டலிலோ, போர்டிங் ஸ்கூலிலோ புதிதாகச் சேர்ந்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். குறிப்பாகக் ‘கீழே’யிருந்து, அதாவது கோவை, திருப்பூர், மதுரை என்று சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர்களை. ஏப்ரல், மே மாதத்தில் வந்து சேர்பவர்களுக்கு ஊர் சொர்க்கமாகத் தெரியும். ஜூலை மாதம் வெயிலே படாமல் நாள் கணக்கில் மழையும் மூட்டமுமாக, துணி காயாமல், ஏழு மணிக்கெல்லாம் கடை அடைத்த தெருவில் தனியாக அறைக்குத் திரும்பும்போதுதான் அந்தத் தாளின் நினைவு வரும்.

என்ன மாறியிருக்கிறது

முன்பு பல இடங்களில் ஆலோசகர் கோவையிலிருந்து மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ மேலே வருவார். கம்பெனி சிக் ரூமிலோ வெல்ஃபேர் ஆபீசரின் அறையிலோ உட்காருவார். பார்க்க விரும்புபவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் அந்த மாதம் ஆலோசகர் கிடையாது. இதெல்லாம் போகட்டும், உண்மையான சிக்கல் வேறு. சிக் ரூமுக்குள் நுழைந்து முக்கால் மணி நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், மதியச் சாப்பாட்டுக்குள் அது ஊர்ச் செய்தியாகிவிடும். மலையூரில் யாருக்கு யார் மாமன், மச்சான் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே ரகசியத்துக்கு ஆபத்து எச்.ஆரை விடக் கேன்டீனில்தான் அதிகம்.

2020 ஊரடங்கு இதை மாற்றியது. நேரில் வர வழியில்லாமல் போனில் பேச ஆரம்பித்தார்கள். அதே ஆண்டு மார்ச் மாதம் மருத்துவர்கள் தொலைவிலிருந்து ஆலோசனை தருவதற்கான விதிமுறைகளையும் மத்திய அரசு வெளியிட்டது. ஊரடங்கு முடிந்த பிறகும் பல நிறுவனங்கள் பழைய முறைக்குத் திரும்பவில்லை. வெளியிலுள்ள ஒரு சேவை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, போன், வீடியோ, ஆப், சாட் என்று வழிகளைத் திறந்துவிட்டார்கள். பொதுவாக இப்போதைய ஏற்பாட்டில் நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நேரடியாகக் கூப்பிடலாம். மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டியதில்லை. மனைவி, கணவர், பிள்ளைகள், சில இடங்களில் பெற்றோரும்கூட அதே எண்ணைப் பயன்படுத்தலாம்.

கூடவே சில கட்டுப்பாடுகளும் வந்திருக்கின்றன. கூப்பிட்டவுடன் ஆலோசகரே எடுத்துவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதலில் எடுப்பவர் விவரம் கேட்டுப் பதிவுசெய்பவர். ஒரு பிரச்சினைக்கு இத்தனை அமர்வு, அல்லது ஆண்டுக்கு இத்தனை அமர்வு என்று வரம்பு இருக்கும். சில ஆப்களில் முதலில் பதில் சொல்வது மனிதரே அல்ல, இயந்திரம். ‘உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது’ என்று அது சொல்லும்போது கோபம் வருவது இயல்புதான். ‘ஆளோடு பேச வேண்டும்’ என்று தட்டுங்கள், இல்லையென்றால் ஆப்பை மூடிவிட்டு எண்ணைக் கூப்பிடுங்கள்.

என் கணக்கில் இந்த மாற்றம் மலைக்கு நல்லதே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முன்பு அறையும் கதவும் கம்பெனி பொறுப்பு. இப்போது கதவு உங்கள் பொறுப்பாகிவிட்டது. எங்கே உட்கார்ந்து பேசுவது, யார் காதில் விழும், சிக்னல் நிற்குமா என்பதெல்லாம் உங்கள் தலையில். அதற்குத்தான் கீழே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில், உங்களுக்கு இது உண்டா?

நிரந்தர ஊழியருக்கு இருக்கும் சேவை கான்ட்ராக்ட் ஆட்களுக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது. பச்சைத் தேயிலை சீசனுக்கு எடுக்கும் தற்காலிகத் தொழிலாளர்கள், ஏஜென்சி மூலம் வந்த செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஆட்கள், பயிற்சிக் காலத்தில் இருப்பவர்கள் எல்லோரும் இதில் விட்டுப்போக வாய்ப்புள்ளவர்கள். எச்.ஆரிடம் கேட்கக் கூச்சம் என்றால் அந்த எண்ணையே கூப்பிட்டு, கம்பெனி பெயரை மட்டும் சொல்லி, ‘எங்கள் கம்பெனியில் யார் யாருக்கு இந்தச் சேவை உண்டு?’ என்று கேட்கலாம். இதற்கு உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

கேட்கிற கேட்பில் இன்னும் சிலவற்றையும் கேட்டுவிடுங்கள்: எத்தனை அமர்வு இலவசம், இரவில் ஆள் உண்டா, தமிழில் பேசும் ஆலோசகர் எந்த நேரத்தில் இருப்பார், பேச நினைத்து நேரம் வாங்கிவிட்டு வர முடியாமல் போனால் அந்த அமர்வு கழிந்ததாகக் கணக்கா. கடைசிக் கேள்வி மலையில் முக்கியம். நவம்பர் மழையில் கரண்ட் போய், டவரும் போய், அமர்வு பாதியில் அறுந்தால் யார் கணக்கில் அது போகும் என்பதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

உங்களுக்கு இந்தச் சேவை இல்லை என்றால் கவலைப்பட வேண்டாம், அரசு எண் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பேசுவதற்கு ஓர் இடம்

எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். அவர்கள் வீட்டுக் குக்கர் விசில் உங்களுக்குக் கேட்கும், உங்கள் வீட்டுச் சண்டை அவர்களுக்குக் கேட்கும். பழைய குவார்ட்டர்ஸ்களில் அறைகளுக்கு நடுவே பலகைத் தடுப்புதான். ஷேரிங் ரூமில் இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. மழை பிடித்தால் தகரக் கூரையின் சத்தத்தில் வெளியே யாருக்கும் எதுவும் கேட்காது என்பது ஒரு வசதி. ஆனால் ஆலோசகருக்கும் நீங்கள் பேசுவது கேட்காது.

எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்யும் இடம் நிறுத்திய கார். கண்ணாடியை ஏற்றிவிட்டால் போதும். சொந்தமாகக் கார் இல்லாதவர்கள் நம்பிக்கையான நண்பரிடம் சாவியை ஒரு மணி நேரத்துக்குக் கேட்கலாம், ‘வீட்டில் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது’ என்று சொன்னால் போதும். நிறுத்தும் இடத்தில் முதல் நாளே போய் சிக்னல் எத்தனை கட்டை காட்டுகிறது என்று பார்த்து வையுங்கள். மலையில் ஒரு வளைவு தாண்டினால் சிக்னல் போகும், அடுத்த வளைவில் திரும்ப வரும். பந்தலூர், சேரம்பாடி பக்கம் என்றால் போன் கேரள டவரைப் பிடித்துக்கொண்டு உங்களை வரவேற்று மெசேஜ் அனுப்பும். எந்த கம்பெனி சிம் எந்த இடத்தில் எடுக்கும் என்பதை அங்கேயே வேலை பார்க்கும் டிரைவர்களைக் கேட்டால் துல்லியமாகச் சொல்வார்கள்.

தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்துகொண்டே பேசலாம் என்று ஆசை வரும். நல்ல வெயிலில், ஆள் நடமாட்டம் உள்ள பாதையில் சரி. சாயங்காலம் வேண்டவே வேண்டாம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் காட்டெருமை தேயிலைச் செடிகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும்; பேச்சில் மூழ்கியவர் பத்தடிக்குள் போன பிறகுதான் பார்ப்பார். கரடியும் அந்த நேரத்தில்தான் இறங்கும். கூடலூர்ப் பக்கம் யானை. மனசு சரியில்லாத நேரத்தில் கவனமும் சரியாக இருக்காது, அதனால் ஏதாவது ஒரு கூரைக்கு அடியில் இருந்து பேசுங்கள்.

அலுவலகத்திலேயே பேச வேண்டிய நிலை வந்தால், கண்ணாடி வைத்த கான்ஃபரன்ஸ் ரூம் உதவாது. சத்தம் வெளியே போகாது என்றாலும் முகம் தெரியும். ஸ்டோர் ரூமோ, ரெக்கார்டு ரூமோ, பள்ளியாக இருந்தால் வகுப்பு முடிந்த பின் மியூசிக் ரூமோ கிடைக்குமா என்று பாருங்கள். ‘ஊழியர்கள் போனில் தனியாகப் பேச ஓர் அறை ஒதுக்குங்கள்’ என்று எச்.ஆரிடம் பொதுவான கோரிக்கையாகவும் வைக்கலாம். நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் யாருக்காகக் கேட்கிறார்கள் என்ற கேள்வி எழாது. வீடியோ சேவைக்கு ஒப்பந்தம் போட்ட கம்பெனி, கதவுள்ள ஓர் அறையையும் தருவதுதான் நியாயம்.

வீடியோவா போனா என்று கேட்டால், முதல் முறை முகம் பார்த்துப் பேசுவது நல்லதுதான், நெட் தாங்கினால். தாங்காவிட்டால் வீடியோவைப் பிடித்துத் தொங்க வேண்டாம். பாதி வாக்கியத்தில் முகம் உறைந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு அழுவது எரிச்சலான அனுபவம். ‘வெறும் வாய்ஸ் போதும்’ என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடலாம். லேண்ட்லைன் இருந்தால் இன்னும் நல்லது. இயர்போன் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்துப் பேச்சு யாருக்காவது கேட்டாலும் அந்தப் பக்கத்துக் கேள்வியாவது கேட்காமல் இருக்கும். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத மாதங்களில் முதல் நாள் இரவே சார்ஜ் போட்டு வைப்பதும் பழக்கமாகட்டும்.

இன்னொன்று: சொந்த போன், சொந்த ஈமெயில். கம்பெனி லேப்டாப்பில், கம்பெனி ஈமெயில் முகவரி கொடுத்து இந்த ஆப்பில் பதிவு செய்யாதீர்கள். நினைவூட்டல் மெயில் மீட்டிங் நடுவே திரையில் எட்டிப் பார்க்கும்.

முதல் அழைப்பு

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமலே பலர் எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிடுகிறார்கள். பதிவுசெய்பவர் கேட்பது பெரும்பாலும் இவைதான்: கம்பெனி பெயர், ஊழியர் எண் அல்லது கம்பெனிக்கான குறியீடு, உங்கள் பெயர், வயது, திரும்பக் கூப்பிட எண், என்ன விஷயமாக, அவசரமா. முழுக் கதையையும் இவரிடம் கொட்ட வேண்டாம். அவருக்குத் தேவை இரண்டு வரி. அப்புறம் ஆலோசகரிடம் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டி வரும், இரண்டு முறை சொல்வது அலுப்பு.

இப்படி ஆரம்பிக்கலாம்:

“வணக்கம், நான் குன்னூர்லேர்ந்து பேசுறேன். கம்பெனி மூலமா கவுன்சலிங் இருக்குன்னு சொன்னாங்க. ரெண்டு மாசமா சரியா தூக்கம் இல்ல, வேலைல கவனம் போகல. தமிழ்ல பேசுற ஆலோசகர் வேணும். பெண் ஆலோசகரா இருந்தா நல்லது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் பேச முடியும்.”

இவ்வளவு போதும். இதில் விஷயம், மொழி, யார், எப்போது என்ற நான்கும் வந்துவிட்டன. ‘என்ன பிரச்சினைன்னே தெரியல, ஆனா சரியில்ல’ என்று சொன்னாலும் அது ஏற்கத்தக்க காரணம்தான். பிரச்சினைக்குப் பெயர் வைத்துக்கொண்டு வர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

திரும்பக் கூப்பிடும் நேரத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். ‘காலையில்’ என்றால் மஸ்டரிலோ (தோட்டத்தில் ஆஜர் எடுக்கும் இடம்) ஷிஃப்டிலோ நிற்கும்போது கூப்பிடுவார்கள். ‘நான் எடுக்காவிட்டால் மெசேஜில் விஷயத்தை எழுத வேண்டாம், வேறு யாராவது எடுத்தால் எங்கிருந்து என்று சொல்ல வேண்டாம்’ என்பதையும் சொல்லி வையுங்கள். கேட்டுக்கொண்டால் அப்படியே செய்வார்கள்.

மொழி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். டோல்ஃப்ரீ எண்ணை எடுப்பவர் பெங்களூரிலோ மும்பையிலோ இருந்து ஆங்கிலத்தில் ஆரம்பிக்கலாம். நமக்கும் ஆபீஸ் ஆங்கிலம் வரும் என்பதால் அதிலேயே தொடர்ந்துவிடுவோம். அப்பாவுக்கும் தனக்கும் நடுவே பத்து வருடமாகப் பேச்சில்லை என்பதை ஆபீஸ் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், லீவ் லெட்டர் மாதிரி இருக்கும். தமிழ் கேளுங்கள். வீட்டில் படுக மொழி பேசுபவர்களும் மலையாளம் பேசுபவர்களும் இங்கே நிறைய. மலையாள ஆலோசகர் பெரும்பாலும் கிடைப்பார். படுக மொழிக்கு ஆள் கிடைப்பது அரிது, ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தோட்ட வேலைக்கு வந்திருப்பவர்கள் உங்கள் பிரிவில் இருந்தால், இந்த எண்ணில் இந்தியிலும் பேசலாம் என்பதை அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். தமிழில் ஒட்டிய நோட்டீஸை அவர்களால் படிக்க முடியாது.

யாருக்கு என்ன தெரியும்

‘முழு ரகசியம்’ என்று தாளில் இருப்பதை அப்படியே நம்பவும் வேண்டாம், அப்படியே சந்தேகப்படவும் வேண்டாம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கம்பெனிக்கு வழக்கமாகப் போவது தொகுப்பு அறிக்கை. இந்தக் காலாண்டில் இத்தனை பேர் பேசினார்கள், இவ்வளவு பேர் குடும்பப் பிரச்சினை, இவ்வளவு பேர் வேலை அழுத்தம் என்று எண்ணிக்கை மட்டும், பெயர் இருக்காது. பெரிய நிறுவனத்தில் இதில் ஆபத்தில்லை. ஆனால் எட்டு பேர் வேலை செய்யும் ஒரு தேயிலை ஃபாக்டரி பிரிவில் ‘பெண்கள், 30 வயதுக்குக் கீழ், ஒருவர்’ என்று அறிக்கை போனால் பெயர் போட்டது போலத்தான். ‘சின்னப் பிரிவுகளைத் தனியாகப் பிரித்துக் காட்டுவீர்களா?’ என்று சேவை நிறுவனத்திடம் கேளுங்கள். விவரம் தெரிந்தவர்கள் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வைத்திருப்பார்கள். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

நீங்களாகப் போவதும் மேலாளர் அனுப்பிப் போவதும் ஒன்றல்ல. வேலைக்கு அடிக்கடி மட்டம், குடித்துவிட்டு வருவது, சண்டை என்று ஏதாவது வந்து மேலாளரே எழுத்துமூலம் கவுன்சலிங்குக்கு அனுப்பினால், நீங்கள் போனீர்களா இல்லையா என்ற தகவல் அவருக்குத் திரும்பிப் போகலாம். என்ன பேசினீர்கள் என்பது போகக் கூடாது. அப்படி அனுப்பப்பட்டால், கையெழுத்துப் போடும் முன் ஒப்புதல் தாளில் என்னென்ன தகவல் பகிரப்படும் என்று எழுதியிருக்கிறது எனப் படியுங்கள்.

சட்டத்தின் நிலை இது: 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆவது பிரிவு, சிகிச்சை பெறுபவரின் தகவல்கள் ரகசியமாக இருக்கும் உரிமையைத் தருகிறது, சிகிச்சை தருபவர்களுக்கு அது கடமை. விலக்குகளும் உண்டு. உயிருக்கு ஆபத்து, அடுத்தவருக்குத் தீங்கு நேரும் நிலை, நீதிமன்ற உத்தரவு போன்றவை. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி யாராக இருந்தாலும் தகவல் கொடுத்தாக வேண்டும், ஆலோசகருக்கும் அது பொருந்தும். நல்ல ஆலோசகர் முதல் அமர்வின் ஆரம்பத்திலேயே இந்த விலக்குகளைச் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

பேசுபவர் யார்

ஆலோசகர், உளவியல் நிபுணர், மனநல மருத்துவர் மூவரும் வேறு வேறு. மாத்திரை எழுதுபவர் மருத்துவர்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ‘கவுன்சலர்’ என்ற பெயருக்கு அவ்வளவு இறுக்கமான வரையறை இல்லாததால், என்ன படித்திருக்கிறார், எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேட்பது உங்கள் உரிமை.

முதல் அமர்வில் ஒட்டவில்லை என்றால் ஆலோசகரை மாற்றக் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ‘கோயிலுக்குப் போங்க, சரியாயிடும்’ ரகப் புத்திமதி வந்தால் நான் இரண்டாவது அமர்வுக்குக் காத்திருக்க மாட்டேன். அது கோயில்மேல் உள்ள மனத்தாங்கலால் அல்ல, அதைச் சொல்ல வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

போனில் பேசுவது எல்லோருக்கும் ஒத்துவராது. வயதான தொழிலாளர்கள் பலருக்கு முகம் பார்க்காமல் மனசு திறக்காது. காது மந்தமானவர்களுக்கும் கஷ்டம். நேரில் பார்க்கும் வசதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் கோவையில் ஒரு கிளினிக்கைக் காட்டுவார்கள். இறங்கி ஏற ஒரு முழு நாள் ஆகும். அந்த நாளுக்கு லீவா, ஆன் டியூட்டியா என்பதை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். லீவ் கடிதத்தில் ‘மருத்துவக் காரணம்’ என்று எழுதினால் போதும்.

இலவச அமர்வுகள் முடிந்த பிறகும் தேவை இருந்தால், கடைசிக்கு முந்தைய அமர்விலேயே ‘இதற்கு அப்புறம் எங்கே போவது?’ என்று கேட்டுவிடுங்கள், கடைசி நாள்வரை தள்ள வேண்டாம். கம்பெனி குரூப் இன்சூரன்ஸையும் பாருங்கள். மேலே சொன்ன அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு, உடல் நோய்க்குத் தரும் அடிப்படையிலேயே மனநோய் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் உங்கள் பாலிசியில் ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டும் பணம் என்றிருந்தால், மனநல மருத்துவரைச் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரும் செலவு அதில் வராது.

இந்த எண் எதற்கு இல்லை

ஆலோசகரிடம் சொல்லிவிட்டால் புகார் கொடுத்ததாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. வேலையிடத்தில் பெண்ணுக்குப் பாலியல் தொல்லை என்றால், அதற்கான 2013 சட்டப்படி, கம்பெனிக்குள் இத்தகைய புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவிடம் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஹோம்ஸ்டே, கடை போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. மாதக்கணக்கில் கவுன்சலிங்கில் பேசிக்கொண்டே இருந்து கெடுவைத் தவறவிட்டுவிடக் கூடாது. இரண்டும் கூடவே நடக்கலாம். சம்பள பாக்கி, ஓவர்டைம் தகராறு எல்லாம் யூனியன், தொழிலாளர் துறை வேலை.

அவசரம் என்றால்

உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு உங்களுக்கு வந்தாலோ, உடன் வேலை செய்பவர் அப்படிப் பேசினாலோ, கம்பெனி எண்ணில் நேரம் வாங்கிக் காத்திருக்க வேண்டாம். 14416-ஐக் கூப்பிடுங்கள். இது டெலி மானஸ் என்ற மத்திய அரசுச் சேவையின் எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ மனநலச் சேவை என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம், ஊழியர் எண் கேட்க மாட்டார்கள். கம்பெனியில் சேவை இல்லாத கான்ட்ராக்ட் ஆட்களுக்கும், கம்பெனியோடு சம்பந்தமே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கும் இதே எண்தான்.

ஆபத்து கண்ணெதிரே இருந்தால் 108, இல்லையென்றால் கிடைத்த வண்டியில் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி. குன்னூரில் லாலி ஆஸ்பத்திரி, ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மூட்டத்தில் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும் எஸ்டேட்டுகளில் தோட்டத்து ஜீப்பே வேகம். ஆள் துணை இல்லாமல் விடாதீர்கள். தோட்டத்துப் பூச்சிமருந்து டப்பாக்களையும் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

‘போலீஸ் கேஸ் ஆயிடும்’ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே வைத்திருக்கும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. அந்தப் பயம் வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது.

அவசரமில்லாமல், அரசு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றால் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் வசதி உண்டு. உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போடும் கவுன்ட்டரில் ‘மனநல டாக்டர் என்றைக்கு வருவார்?’ என்று கேளுங்கள். வரிசையில் தெரிந்தவர்கள் நிற்பார்கள் என்று கூச்சமாக இருந்தால் பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குன்னூர்க்காரர் கோத்தகிரிக்கும் கோத்தகிரிக்காரர் ஊட்டிக்கும் போவது புதிதில்லை.

சேவை நிறுவனம் மாறும்போது

கடைசியாக, யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம். இந்த ஒப்பந்தங்கள் ஆண்டுக்கோ இரண்டாண்டுக்கோ ஒருமுறை மாறும். ‘அடுத்த மாதம் முதல் புதிய எண், புதிய ஆப்’ என்று ஒரு சர்க்குலர் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். பேசிப் பேசி ஒரு நம்பிக்கை வந்த ஆலோசகர் அதோடு போய்விடுவார். பாதியில் இருப்பவர்களுக்கு இது பெரிய இடி.

சர்க்குலரைப் பார்த்தவுடன் பழைய எண்ணைக் கூப்பிடுங்கள். தொடங்கிய அமர்வுகளை முடித்துத் தருவார்களா என்று கேளுங்கள். மாறும் காலத்துக்கென்று சில வாரம் ஒதுக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. உங்களைப் பற்றிய குறிப்புகள் தாமாகப் புதிய நிறுவனத்துக்குப் போகக் கூடாது, உங்கள் சம்மதத்தோடுதான் போக வேண்டும். அதனால் ஆலோசகரிடம் ஒரு பக்கச் சுருக்கம் எழுதித் தரச் சொல்லி, சொந்த ஈமெயிலுக்கு வாங்கி வையுங்கள்: என்ன பேசினோம், எது உதவியது, மாத்திரை ஏதும் உண்டா. புதியவரிடம் கொடுப்பதா வேண்டாமா என்று பிறகு நீங்களே முடிவு செய்யலாம். பழைய ஆப்பை அழிக்கும் முன் உங்கள் கணக்கையும் சாட் பதிவுகளையும் நீக்கச் சொல்லி அவர்களுக்கு ஒரு மெயில் போடுங்கள். போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டால் அவர்களிடம் இருக்கும் பதிவு போய்விடாது. அப்புறம் ‘கேஸ் புக்கிங்’ என்ற பெயரில் இருக்கும் எண்ணையும் மாற்றிக்கொள்ளுங்கள்.